க்ளெனிஸ் எழுந்து வெளியே போன அறை

சிரிப்பு வருவதற்குச் சற்று முன்பே க்ளெனிஸின் இடக்கை எழுந்துவிடும். விரல்கள் உதட்டை மறைத்த பிறகுதான் சிரிப்பு வெளியே வரும். இரண்டு கையிலும் பை இருந்தால் அவள் சிரிக்கவே மாட்டாள். நந்த்மேலின் என்கிற ஊரில் அவள் தெருக்காரர்கள் ஐம்பது வருடமாக இதைப் பார்த்துவருகிறார்கள். கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டார்கள்.

கூச்சமும் உண்டு. ஆனால் கை வாய்க்குப் போக ஆரம்பித்தது இருபதாவது வயதில், ஈஸ்டரை ஒட்டி அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது. அப்பா சுரங்கத் தொழிலாளி. மகளுக்கு அவர் கொடுத்த சீதனம், மேலும் கீழுமாக எல்லாப் பல்லையும் பிடுங்கி, பொய்ப்பல் செட் ஒன்று மாட்டி அனுப்பியதுதான். வேல்ஸ் நாட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது அதுதான் வழக்கம். சொந்தப் பல்லோடு வருகிற பெண்ணால் புருஷனுக்குப் பிற்காலத்தில் பல் வைத்தியச் செலவு. அவளுடைய பெரியப்பா பெண்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் நடந்தது. க்ளெனிஸின் பல்லில் ஒன்றுகூடச் சொத்தையில்லை. பல் டாக்டர் அவள் தலைக்கு மேலாக அவள் அம்மாவோடு பேசி முடித்துவிட்டு ஊசியை எடுத்தார்.

புருஷன் எம்லின் நல்ல மனிதன். மதுக்கடையில் மட்டும், "எம் பொண்டாட்டி கடிக்க மாட்டா, உத்தரவாதத்தோட வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரிக்கவைப்பான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஜோக்கைச் சொல்ல ஆளில்லை.

வயதாக ஆக ஈறு தேய்ந்து, கீழ் செட் நிற்காமல் ஆடத் தொடங்கியது. நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவமனையில் மாணவர்கள் கையால் புது செட் செய்துகொள்ளப் போனாள். வருடக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவளை, ஒரு நாள் அங்கே வேலை பார்க்கிற அம்மாள் ஒருத்தி கேட்டாள். புதிதாகப் படிக்க வருகிறவர்களை நேர்முகத் தேர்வில் பார்க்க, டாக்டர்களோடு ஊர் ஜனத்திலும் சிலரை உட்காரவைக்கிறோம், நீங்கள் வருவீர்களா என்று. க்ளெனிஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போனவள். முடியாது என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை மறுக்கக் கூச்சமாக இருந்ததால் ஒப்புக்கொண்டாள். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். அவளுக்கு அது கஷ்டமே இல்லை.

அங்கே போய்த்தான் அவளுக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. பள்ளி முடித்து நேராக வருகிற பிள்ளைகள் ஒரு பக்கம். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கி, வேலை பார்த்து, பிறகு பல் மருத்துவம் படிக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கென்று இருப்பது கொஞ்சம் இடம்தான். பட்டத்தில் நல்ல வகுப்பு வேண்டும். எல்லோரும் எழுதுகிற பொதுத் தேர்வை அவர்களும் எழுத வேண்டும். நேர்முகத்தில் வயதுக்கென்று சலுகை கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் முப்பது வயதுக்காரருக்கும் அதே கேள்வி, அதே மதிப்பெண் முறை.

எதிர்வீட்டு லௌரிக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது.

லௌரி பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம்தான் அவள் அம்மா மென்னா படுத்த படுக்கையாகிச் செத்துப்போனாள். வேதியியலில் மட்டும் மதிப்பெண் ஒரு படி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பெண் ஓய்ந்துவிடவில்லை. உயிர்வேதியியலில் நல்ல வகுப்பில் பட்டம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருடம் கழித்து, பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நாள் பூரா குழாயத்தான் பாக்குறேன் அத்தை. குழாய்க்கு மூஞ்சி கிடையாதே" என்றாள்.

மனுப் போட்ட பல்கலைக்கழகங்கள் பட்டத்தைப் பார்த்தன, அதோடு பதினெட்டு வயதில் வாங்கிய வேதியியல் மதிப்பெண்ணையும் பார்த்தன. ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் சாவை எழுதி அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. பட்டம் போதும், பழைய மதிப்பெண் வேண்டாம் என்று சொன்னது இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். அங்கேயும் இரண்டு முறைதான் முயற்சி செய்யலாம். முதல் முறை நேர்முகத்தில் போயிற்று. இது இரண்டாவது. இதுவும் போனால் அவளுக்கு வேறு கதவு இல்லை.

க்ளெனிஸுக்கு இதெல்லாம் தெரியும். க்ளெனிஸ் எங்கே போய் உட்காருகிறாள் என்பது லௌரிக்குத் தெரியாது. தெரிந்த பெண் ஒருத்தி மனுப் போட்டிருக்கிறாள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். நேர்முகம் பல நாள் நடக்கும், தன் நாளில் லௌரி வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் சட்டையில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

க்ளெனிஸின் நாள் வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த அறையில் நடிகை ஒருத்தி நோயாளியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பல்லே வேண்டாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்று அவள் கேட்பாள். வருகிறவர்கள் அவளோடு பேச வேண்டும். டாக்டர் ப்ரிச்சர்டும் க்ளெனிஸும் தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். காலையிலிருந்து வந்த பிள்ளைகள் சட்டம் பேசினார்கள், ஈறு பற்றிப் பேசினார்கள். நல்ல பல்லை ஏனம்மா வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. க்ளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டு மதிப்பெண் போட்டாள்.

மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு லௌரி உள்ளே வந்தாள்.

க்ளெனிஸைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அத்தனை நேரம் இறுகியிருந்த தோள்கள் இறங்கின. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் க்ளெனிஸ் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இவள் கட்டாயம் அந்தக் கேள்வியைக் கேட்பாள், இவள் கேட்கிற பெண் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு எழுந்து நின்றாள். "டாக்டர், இந்தப் பொண்ணு எங்க எதிர்வீடு. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு." அந்த அறையில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் தலையசைத்து நன்றி சொன்னார். தாழ்வாரத்திலிருந்து இன்னொருவர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். க்ளெனிஸ் கடந்து போகும்போது லௌரியின் முகம் வாடிப்போனதைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு உள்ளே பேசியது ஒன்றும் கேட்கவில்லை.

தேநீர் வேளையில் அந்த நடிகைதான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: அந்தப் பெண் பாவம், கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாதி நேரம் பேச்சே வரவில்லை. க்ளெனிஸ் டாக்டர் ப்ரிச்சர்டிடம் போய், தன்னால்தான் அப்படி ஆயிற்று, அவளுக்கு இன்னொரு வாய்ப்பு தர முடியுமா என்று கேட்டாள்.

"குடுக்கலாம் மிஸஸ் ப்ரோபர்ட். ஆனா அந்தப் பொண்ணே இன்னைக்குக் கெளம்புறதுக்குள்ள கீழ வரவேற்பு மேசைல சொல்லணும். அவங்களுக்காக நாம சொல்ல முடியாது. நாம அவங்ககிட்ட பேசவும் கூடாது."

க்ளெனிஸ் தேநீரை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பள்ளத்தாக்குக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில் லௌரி நின்றிருந்தாள். இவளைப் பார்த்தும் நகரவில்லை.

"உங்க மூஞ்சியப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு அத்தை. அப்புறம் எழுந்து போயிட்டீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு அதையே யோசிச்சுட்டு நின்னேன்."

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. தெரிஞ்சவங்க மார்க் போடக் கூடாது. இப்பவே திரும்பிப் போ. கீழ மேசைல நடந்தத அப்படியே சொல்லு. இன்னொரு தரம் பாப்பாங்க."

"என்னன்னு சொல்ல? எதிர்வீட்டு அத்தையப் பாத்துப் பதறிட்டேன்னா?"

"ஆமா. அதத்தான்."

லௌரி தலையாட்டி மறுத்தாள். "எத்தன வருஷமா எங்கம்மா செத்தத எழுதி எழுதி அனுப்பிட்டிருக்கேன் தெரியுமா? ஒரு பாடத்துல ஏன் மார்க் கொறஞ்சதுன்னு. இன்னொரு காரணத்தத் தூக்கிட்டு நான் போக மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதடி."

"இது பிடிவாதமில்ல அத்தை. அலுத்துப்போச்சு."

பஸ் வந்தது. ஏறினார்கள். வண்டி மலையேற ஆரம்பித்தது. பிறகு க்ளெனிஸ், தன் வாயால் யாரிடமும் சொல்லாத அந்தக் கல்யாணச் சீதனத்தைப் பற்றி, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். அந்த அறையில் அந்த நடிகை பல்லைப் பிடுங்கச் சொன்னதைக் காலையிலிருந்து தான் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னாள்.

லௌரி கேட்டாள், "பல்லப் புடுங்கின அந்த டாக்டர் உங்ககிட்ட எதுவுமே கேக்கலையா?"

"பேரு கேட்டாரு."

கை வாய்க்குப் போயிற்று. சிரிப்பு வந்ததா என்று லௌரிக்குத் தெரியவில்லை.

வசந்தத்தில் பதில் வந்தது. இடம் இல்லை. அதற்கு முன்பே க்ளெனிஸ் டாக்டர் ப்ரிச்சர்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணோடு பேசியதைச் சொல்லிவிட்டாள். சொன்னதற்கு நன்றி என்றார். அதன் பிறகு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை.

லௌரி இன்றைக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். இப்போது அந்தப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மனுப் போடுவதை விட்டுவிட்டாள். க்ளெனிஸின் கீழ் செட் மறுபடி ஆடுகிறது. மாணவர்கள் அதைச் சரிசெய்கிற நாட்களில் லௌரிதான் தன் காரில் அவளைப் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறாள். வாசலில் இறக்கிவிடுகிறாள். உள்ளே வருவதில்லை, காரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.