கொழும்பைத் திட்டாமல் முப்பது நாள்

எங்கள் வீட்டில் உப்பைத் தூவுவதில்லை, ஊற்றுகிறோம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த தொடர்மாடியில், நாலாம் மாடியில் இருக்கிறோம். போத்தலில் போட்ட உப்பு மூன்றாம் நாள் கூழாகிவிடும். அப்பளம் பொரித்து மேசைக்குக் கொண்டு வருவதற்குள் ஈரத்துணி மாதிரித் தொங்கும். ஃபான் துருப்பிடிக்கும், ஜன்னல் பூட்டுத் துருப்பிடிக்கும். போன வருடம் பிரிட்ஜின் கால் ஒன்று துருப்பிடித்துக் கழன்று, பிரிட்ஜ் கல்யாண வீட்டில் குடித்தவன் மாதிரிச் சாய்ந்து நின்றது. இவற்றைச் சொன்னால் நான் குறை சொல்கிறேனாம். குறையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே காலை ஏழு மணிக்குத் தோய்த்துக் கொடியில் போட்ட சாரம் எட்டு மணிக்குப் பலகை போல நிற்கும். மழை என்றால் ஐப்பசியில் வரும், கார்த்திகையில் கொட்டும், மார்கழியோடு போய்விடும். பிறகு வானம் தன் வேலையைப் பார்க்கும். கொழும்பில் மழைக்கு லீவே கிடையாது. மே மாதம் ஒன்று, ஒக்டோபரில் ஒன்று, நடுவில் சும்மா எட்டிப் பார்க்க வருகிற மழை வேறு. மழை இல்லாத நாளில் புழுக்கம். குளித்துவிட்டுத் துடைக்கிற துவாய் என்னைவிட ஈரமாக இருக்கிறது. ஜனவரியில் இரண்டு கிழமை, பதினாலே நாள், கொழும்பு நல்ல ஊராக நடிக்கும். அதை நம்பி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் மனைவி அப்படி ஒருத்தி. கொழும்பிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரி, கணித ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மழை அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. வந்தால் வரட்டும், இருந்தால் இருக்கட்டும். நான் ஒருகொடவத்தையில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். போன வருடம் வேலை முடிந்தது. இனி இந்த ஊரில் எனக்கு என்ன வேலை? யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். போய் இருப்போம் என்றால் இவள் அசைய மாட்டேன் என்கிறாள்.

மே மாதக் கடைசியில் மழை தொடங்கிய அன்று, உடுக்க எடுத்த சேர்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

“இதைப் போட்டுக்கொண்டு எப்பிடி வெளியில போறது? நனைஞ்ச நாய் மாதிரி மணக்குது.”

“அயர்ன் பண்ணினா போயிரும்.”

“யாழ்ப்பாணத்தில...”

“நிப்பாட்டுங்க.” அகப்பையைக் கீழே வைத்தாள். “முப்பது வருஷமா இந்த வசனத்தைக் கேக்கிறன். ஒங்களால ஒரு மாசம் கொழும்பைத் திட்டாம இருக்க ஏலுமா?”

“ஏன் ஏலாது?”

“இருந்து காட்டுங்க. நான் சாமானைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வாரன். காலம் முழுக்க.”

“இல்லாட்டி?”

“சாகுற வரைக்கும் யாழ்ப்பாணம் போற கதை இந்த வீட்டில கேக்கக் கூடாது.”

கணித ரீச்சர் அல்லவா, உடனே விதிகள் வந்தன. கொழும்பின் மழை, புழுக்கம், கடற்காற்று, ரோடு எதையும் திட்டக்கூடாது. யாழ்ப்பாணத்தோடு ஒப்பிடக்கூடாது. திட்டாமல் தப்பினால் அன்றைய நாளுக்கு, சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் சிவப்புப் பேனையால் சரி அடையாளம். தவறினால் அதே பேனையால் பிழை, ஆட்டம் முடிந்தது.

“முகத்தைச் சுளிச்சால்?” என்று கேட்டேன்.

“முகத்துக்கு மார்க்ஸ் இல்ல. வாய்க்கு மட்டுந்தான்.”

“பாத்ரூமுக்குள்ள தனிய நிண்டு திட்டலாமோ?”

“கதவு மெல்லிசு.”

முதல் கிழமை எப்படிப் போனது என்று என் வயிற்றைக் கேட்க வேண்டும். வாயால் போக வேண்டியது எல்லாம் அங்கேதான் போனது. நாள் தவறாமல் சோடா குடித்தேன். மார்க்கெட்டில் வழக்கமான மரக்கறிக்காரன் தலையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, “மாத்தயா, வெஸ்ஸ செரய் நேத?” என்றான். மழை கடுமை, இல்லையா என்று கேட்கிறான். முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் கால் மணித்தியாலம் பதில் சொல்கிறவன். அவனும் அதற்காகத்தான் கேட்கிறான். பக்கத்தில் மனைவி பயற்றங்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றாள். “ஹொந்தாய், ஹொந்தாய்,” நல்லது என்றேன். அவன் என்னைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு சிங்களத்தில் மெதுவாக அவளிடம் எனக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தான்.

இரண்டாம் கிழமை தம்பி போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மனைவி சைகை காட்டினாள்.

“அண்ணை, அங்க ஒரே மழையாம். நியூஸில காட்டினாங்கள். அது மனுசர் இருக்கிற ஊரே?”

மனைவி சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினாள்.

“நல்ல குளிர்ச்சி,” என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணை, டொக்டரிட்டப் போனனீங்களோ?”

“எனக்கு ஒண்டும் இல்லை. நீ விசயத்தைச் சொல்லு.”

“வீட்டை ஒரு வங்கிக்காரர் வாடகைக்குக் கேட்டு நிக்கிறார். ஜூன் முடியமுன்னம் மறுமொழி வேணுமாம். வாறியளோ, இல்லையோ? வாறதெண்டால் யோசிச்சு வாங்கோ. சோளகம் தூக்கி அடிக்குது. வாயைத் திறந்தால் மண். மத்தியானம் வெளியில இறங்கினால் மண்டை வெடிக்கும். கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் ஒரே உப்புச் சவர்.”

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று. இங்கே மழையைக் கொட்டிவிட்டு அங்கே வெறுங்கையோடு போய்ப் புழுதியைக் கிளப்பும். அது உண்மைதான். ஆனால் அங்குள்ள வெயில் காய்ந்த வெயில், வியர்வை நிற்காது, சேர்ட் உடம்பில் ஒட்டாது. இதையெல்லாம் சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அது ஒப்பீடு. என் சொந்தத் தம்பி என் ஊரைத் திட்டுகிறான், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன், என் மனைவி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவன் சின்ன வயதிலிருந்தே மடையன்.

மூன்றாம் கிழமை மனைவியின் தங்கை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னாள். வலை விரிக்கிறாள் என்று தெரியும். மனைவியோடு பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் அவளுடைய சின்ன ஒழுங்கையில் கழிவுநீர்க் கான் நிரம்பி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். களிசான் காலைச் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அவள் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க அத்தான். ரோடு எப்பிடி?”

“இருக்கு.”

“கான் தண்ணி களிசானில பட்டிரிச்சா?”

“பட்டிட்டுது.”

“நாறுதா?”

எனக்குப் பொய் வராது. “மூக்கடைப்பு,” என்றேன். அது உண்மை. இந்த ஊர் ஈரத்தில் மூக்கு எப்போதாவது திறந்திருந்தால்தானே? இந்தக் கடைசி வசனத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

“அக்கா, இது திட்டுத்தானே? பிழை போடு!”

“இல்ல, மூக்கு அவருடையது. கொழும்புடையது இல்ல,” என்றாள் மனைவி. அவள் நேர்மையானவள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிடும்போது தங்கை மீன் குழம்பை ஊற்றி ஊற்றிச் சீண்டினாள். யாழ்ப்பாணத்தில் கான் இருக்கிறதா, மழை பெய்கிறதா, மீன் ஒழுங்கான மீன்தானா என்று. எல்லாவற்றுக்கும் “குழம்பு நல்லாயிருக்கு” என்றே பதில் சொன்னேன். கடைசியில், அக்கா கைகழுவப் போன நேரம், சிரிப்பு இல்லாமல் ஒன்று கேட்டாள்.

“கூட்டிக்கொண்டு போயிருவீங்க, என்ன அத்தான்? எனக்குக் கோயிலுக்குப் போகவும் ஆள் இல்லாமப் போயிரும்.”

குழம்பு நல்லாயிருக்கு என்று இதற்குச் சொல்ல முடியாது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இருபத்தொன்பது நாளுக்கும் சரி விழுந்தது. முப்பதாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு மனைவி கலண்டரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். “சரி. இவ்வளவு நாள் இருந்தவர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டாரா? தம்பிக்கு வாறம் எண்டு சொல்லுங்க. சூட்கேசை இறக்குங்க.”

அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய சூட்கேஸ் இருந்தது. யாழ்ப்பாணம் போகிற நாளுக்கு என்று பல வருடத்துக்கு முன் புறக்கோட்டையில் வாங்கி, உள்ளே சாமான் வைத்து, மழைக்காலத்தில் ஒரு நாள் தடித்த பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி வைத்திருந்தேன். கதிரையில் ஏறி இறக்கி, டேப்பைக் கிழித்துத் திறந்தேன்.

பச்சை. முழுக்கப் பச்சை. மூடியின் உள்பக்கம் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மயிர் வைத்த பூஞ்சணம். ஊரில் போய் இறங்குகிற அன்றைக்குக் கட்டுவதற்கு வைத்த புது வேட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. ஈரச் சாமானைப் பொலித்தீனால் சுற்றாதே, உள்ளேயே அவிந்து போகும் என்று ஒருகொடவத்தையில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

என்ன சொன்னேன் என்பதை முழுக்க எழுத முடியாது. எழுதக்கூடியது இது: கடலைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், இருபத்தொன்பது நாளாகச் சேர்த்து வைத்த உப்பு, அப்பளம், துவாய், கான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திட்டினேன். கொழும்பில் துறைமுகம் கட்டினவனைத் திட்டினேன். கீழே வாசலில் காவல் இருக்கிற வோச்சர் படியேறி வந்து, கதவைத் தட்டி, “மெடம், ப்ரஸ்னயக்த?” என்று கேட்டான். பிரச்சினை இல்லை, ஐயாவுக்குச் சுகமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டாள்.

“முடிஞ்சிதா?” என்றாள் கட்டிலில் இருந்துகொண்டு.

“முடியேல்லை,” என்று இன்னும் ஐந்து நிமிடம் திட்டினேன்.

அவள் எழுந்து போய்க் கலண்டரில் பெரிய பிழை ஒன்று போட்டுவிட்டு வந்தாள். பிறகு சூட்கேசுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். வேட்டி. என் இரண்டு சேர்ட். என் சாரம். என் சவர சாமான். அடிவரைக்கும் பார்த்தாள்.

“என்ட சாரி ஒண்டும் வைக்கேல்லையா?”

அவளையும் கூட்டிப் போகத்தான் அத்தனை வருடமும் சண்டை பிடித்தேன். பெட்டி கட்டும்போது அவள் நினைவுக்கு வரவில்லை. வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் குசினிக்குப் போய் வினிகரும் பழந்துணியும் கொண்டுவந்தாள். “நல்லாத் துடைச்சுப் பல்கனியில காய வைங்க. காய்ஞ்ச பிறகு என்ட ரெண்டு சாரியை முதல்ல வைங்க. அதுக்குப் பிறகு ஒங்கட வேட்டி. அப்பிடி வைச்சா வாரன்.”

“நான் தோத்திட்டன் எல்லோ?”

“தோத்தீங்கதான். பேப்பரைத் திரும்பத் திருத்துறன், இது ரீகரெக்‌ஷன்.”

அன்றைக்கே துடைத்தேன். இப்போது செப்டம்பர். சூட்கேஸ் பல்கனியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மூன்று நாள் வெயில் எறித்தால் நாலாம் நாள் தூறும். மழை இல்லாவிட்டால் கடற்காற்று வந்து நக்கிவிட்டுப் போகும். வீட்டை வங்கிக்காரர் ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டார். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, “அத்தான், பெட்டி சுகமா?” என்று விசாரிக்கிறாள்.

தம்பிக்கு விசயத்தைச் சொன்னபோது கத்தினான். “உங்களுக்கு விசரே அண்ணை? இஞ்ச கொண்டு வாங்கோ, அரை மணித்தியாலத்தில காய்ஞ்சிடும்!”

அதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. “சரிதானே. அப்ப பெட்டியை மட்டும் அனுப்புங்க.”

ஆனால் ஒன்று. போன கிழமை அவளுடைய இரண்டு சாரியை நானே தெரிந்து எடுத்து, அலுமாரியில் தனியாக மடித்து வைத்தேன். நேற்றுப் பார்க்கிறேன், அந்த இரண்டும் அங்கே இல்லை. அதைவிட நல்ல இரண்டு இருக்கின்றன.

இப்போது தூறத் தொடங்கிவிட்டது. சூட்கேசை உள்ளே எடுக்க வேண்டும். சனியன் பிடித்த ஊர்.