எலிக்குஞ்சுக்கு ஒரு வாழ்த்து

பேக்கரியில் அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர். பேனா பிடித்து எழுதுகிறவள் அல்ல. கேக்கின் மேல் க்ரீம் கோன் பிடித்து எழுதுகிறவள். ஒருவர் எழுதியதை அன்றைக்கே, சுற்றி நின்று கைதட்டி, ஒரு துளி மிச்சமில்லாமல் தின்று தீர்க்கிறார்கள் என்றால் அது இவள் எழுதியதைத்தான். எந்தக் கவிஞருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அவளுடைய ஒரே மகன் குறைமாதத்தில் பிறந்தான். துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது அப்பாக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னடி இது எலிக்குஞ்சு மாதிரி இருக்கு என்றார். அதுவே ஒட்டிக்கொண்டது. பிறகு அவன் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்து, மூன்று பேர் சாப்பாட்டை ஒரே வேளையில் உள்ளே தள்ளியபோதும் வீட்டில் எலிக்குஞ்சுதான். அவன் பிறந்த தேதியில்தான் ஊரறிந்த ஒரு பெரிய பாடகியும் பிறந்திருந்தார். அது போதாதா? என்னமோ இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மாதிரி அலட்டிக்கொள்வான். தேதியைப் பங்கு போட்டுக்கிட்டோம், குரலை மட்டும் அந்தம்மா முழுசா எடுத்துக்கிட்டாங்க என்பான். அதில் பொய் இல்லை. அவன் குளியலறையில் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும்.

பேக்கரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒலிப்பதிவுக்கூடம். பாடகியம்மாவின் பிறந்தநாளுக்கு அங்கிருந்து வருஷந்தோறும் பெரிய கேக் ஒன்றுக்கு ஆர்டர் வரும். எழுத்தக்கா அதை எழுதி முடித்து, கோனில் மிஞ்சிய ரோஸ் நிற க்ரீமால் மகனுடைய சின்ன கேக்கை எழுதுவாள். பெரியது முடிந்தால் சின்னது. கை அப்படியே பழகிப் போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பால் வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. லாரி. பத்தொன்பது வயது.

அப்பாக்காரருக்கு மோட்டார் ரிப்பேர் தொழில். ஓடாத மோட்டாரைத் திட்டுவதற்கே தனி அகராதி வைத்திருந்த மனிதர். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போனதும், "இனிமே இந்த வீட்ல அந்தப் பேரைச் சொல்லாத. என்னால தாங்க முடியாது" என்றார். படங்கள் பரணுக்குப் போயின. அவருக்குத் தாங்காதது அவளுக்கு மட்டும் தாங்குமா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் யாராவது ஒரே ஒரு தடவை, தன் காதுபட, அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது. உறவுக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். அவளைக் கண்டால் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

அதன்பின் வந்த இரண்டு பிறந்தநாளுக்கும் லீவு போட்டாள். இந்த வருஷம் இன்னொரு எழுத்துக்காரி பிரசவத்துக்குப் போய்விட்டதால் முதலாளி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். வந்தாள். முதலில் யாரோ ஒருவரின் பெரிய கேக். அடுத்தது பாடகியம்மாவுடையது. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் இந்தத் தடவை சின்னதாகக் கேட்டிருந்தார்கள். பெரியது முடிந்தது, சின்னது வந்தது, கோனில் ரோஸ் க்ரீம் இருந்தது. கைக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

கேக்கைக் கொடுத்துவிட்டு வந்த டெலிவரிக்காரர்தான் பேச்சுவாக்கில், பாடகியம்மாவுக்கு எலிக்குஞ்சுன்னு செல்லப்பேர் இருக்கறது இத்தனை நாள் தெரியாமப் போச்சே அக்கா என்றார். பெரிய மனிதர்களுக்கு இப்படி ஏதாவது இருக்கும் என்று அவராகவே சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

எழுத்தக்கா ஒரு கையில் கோனும் மறுகையில் க்ரீம் வழிக்கிற கத்தியுமாக ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஓடினாள். கத்தியோடு ஓடிவருகிற பெண்ணுக்கு, ஏப்ரனைப் பார்த்துவிட்டு மரியாதையாக வழிவிட்ட காவலாளியை என்னவென்று சொல்வது!

படம் பிடிக்கிறவர் வரவில்லை என்று எல்லோரும் வாசலில் நிற்க, உள்ளறையில் பாடகியம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே திறந்த கேக் பெட்டி.

"மன்னிச்சிடுங்கம்மா. ஒரு நிமிஷத்துல வழிச்சுட்டு மாத்தி எழுதிடறேன்."

"இருங்க, என்ன அவசரம்? யாரு இந்த எலிக்குஞ்சு?"

எழுத்தக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என் மகன்மா. அவனுக்கும் இன்னைக்குத்தான் பொறந்தநாள்."

"அட, என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

கணக்கு சரிதான். கணக்கு மட்டும்தான் சரி.

பாடகியம்மாவுக்கு ஒரே குஷி. பிள்ளையின் கேக்கை நான் பிடுங்கிக்கொண்டேனே என்று போனை எடுத்து, நம்பரைச் சொல்லுங்கள், அவனுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த அம்மாவும் முகம் மாறி, குரலைத் தாழ்த்தி, வெயிலுக்குப் போய்விடுவார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர், புருஷனுடையது. அது வாயில் வந்துவிட்டது.

ஸ்பீக்கரில் மோட்டார் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"எலிக்குஞ்சு பேசறீங்களா?" என்றார் பாடகியம்மா. தான் இன்னார் என்றும், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார் என்றும் சொன்னார்.

மோட்டார் நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எழுத்தக்காவின் பிடியில் கோன் பிதுங்கி, க்ரீம் மணிக்கட்டில் வழிந்தது. லைன் இருக்கிறதா என்று பாடகியம்மா போனைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றது அவள் புருஷனின் குரல். "எலிக்குஞ்சுதான் பேசறேன்."

இந்த வயசுக்கு என்ன கனமான குரல் என்று வியந்துவிட்டு, பாடகியம்மா வாழ்த்துப் பாட்டு நாலு வரி பாடினார். மேடையில் பாடுவதுபோல் அல்ல, தொட்டிலை ஆட்டுகிறவள் மாதிரி மெதுவாக. முடித்து, நல்லா இருப்பா, நூறு வருஷம் இரு என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னது போலிருந்தது, எழுத்தக்காவுக்குக் கேட்கவில்லை.

வாசலில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் அவள் குனிந்து பெயரை வழித்தாள். வழித்த க்ரீமை எங்கே போடுவதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள். கேக்கின் மேல் எழுத வேண்டியதை எழுதிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் விளக்குகூடப் போடாமல், கைகூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே நுழைந்தாள். எப்படி நடந்தது, ஏன் செய்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா நூறு வருஷம் இருன்னாங்க," என்றார். "நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எலிக்குஞ்சு எடுத்திருந்தா அந்தம்மாவைப் பாட விட்டிருக்க மாட்டான், அவனே பாடியிருப்பான்" என்றாள்.

அவர் தடுக்கவில்லை. கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டார்.