ரெண்டு ஸ்க்ரூவும் ஒரு பேஸ் பேப்பரும்

இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்த மறுநாளே நீங்க இன்ஜினியர் ஆயிடுவீங்க. அதை காலேஜ் சொல்லாது, உங்க தெரு சொல்லும். இந்தக் கொடுமையை ஏற்கனவே அனுபவிச்ச சக பாவிகளுக்கு நான் புதுசா எதுவும் சொல்லப் போறதில்லை. நீங்க சும்மா கூட உக்காந்து தலையாட்டினா போதும். மத்தவங்களுக்கு என்னைப் பத்தி ரெண்டு வரி: பேரு கீர்த்தனா, ஈ.சி.ஈ. இப்பத்தான் முடிச்சேன், தெலுங்கு ஊர்ல தமிழ்க் குடும்பம், வீடு மல்காஜ்கிரி. அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். காலேஜ் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எருமை மேயற பொட்டல்ல இருக்கு. பேரு வேண்டாம், எருமைங்க கோவிச்சுக்கும்.

சிவப்பு பட்டன்

காலேஜ் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகலை. எதிர்வீட்டு பத்மா ஆன்ட்டி மிக்ஸியைத் துணிப்பையில போட்டுத் தூக்கிட்டு வந்துட்டாங்க. "இன்ஜினியர் பொண்ணு எதிர்லயே இருக்க, நான் கைக்கு கடைக்குப் போகணும்?"னு ஒரு கேள்வி. ('கைக்கு'ன்னா எங்க ஊர்ல 'எதுக்கு'.) அந்த ஒரு வாரத்துல எனக்கு நடந்த பாடம் கணக்கு, கெமிஸ்ட்ரி, அப்புறம் இங்கிலீஷ் லேப்ல 'குட் மார்னிங்' சொல்றது எப்படின்னு ஒண்ணு. இருந்தாலும் மானம்னு ஒண்ணு இருக்கே! ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு உக்காந்தேன்.

ரெண்டு மணி நேரம் கழட்டினேன். மோட்டார் தனியா, ஒயர் தனியா, சுவிட்ச் தனியா பேப்பர் மேல பரப்பி வெச்சு, எல்லாத்தையும் ஒரு தடவை முறைச்சுப் பாத்துட்டு, திரும்பப் பூட்டினேன். ஓடலை. ஆன்ட்டியோட வீட்டுக்காரர், பேங்க்ல கேஷியர், மிக்ஸியைத் தலைகீழா கவுத்து அடியில இருந்த சிவப்பு பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினார். கர்ர்னு ஓடுச்சு. எனக்கு பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஆன்ட்டிதான் என் தோளைத் தட்டி சமாதானம் சொன்னாங்க: "பரவால்லம்மா, இப்ப ஃபர்ஸ்ட் இயர்தானே. சிவப்பு பட்டன் எல்லாம் செகண்ட் இயர்ல வரும்."

யாரு சாவி திருப்பறது?

ரெண்டாம் வருஷம், ஒரு நாள் காலேஜ் பஸ் உப்பல் தாண்டினதும் படுத்துடுச்சு. டிரைவர் யாதகிரி அண்ணா இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். உள்ள ஐம்பது வருங்கால இன்ஜினியருங்க. மெக்கானிக்கல் பசங்க டீசல்ல காத்து புகுந்திருக்கும்னாங்க. எலெக்ட்ரிக்கல் கூட்டம் பேட்டரின்னு சத்தியம் பண்ணுச்சு. கம்ப்யூட்டர் பசங்க போன்கிட்டயே கேட்டு, பன்னிரண்டு காரணம் இருக்கலாம்னு உரக்கப் படிச்சாங்க. யாரும் சீட்டை விட்டு மட்டும் எழுந்திரிக்கலை.

யாதகிரி அண்ணா கீழே இருந்து கத்தினார்: "நான் ஸ்பேனரால தட்டறேன், யாராவது ஒருத்தர் சாவியைத் திருப்புங்க!" ஐம்பது பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். அவ்வளவு பெரிய ஸ்டீயரிங் முன்னாடி போய் உக்கார யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில முன் சீட்டுல தூங்கிட்டு வந்த இங்கிலீஷ் மேடம் எழுந்து போய், புடவையைச் சரி பண்ணிட்டு, சாவியைத் திருப்பினாங்க. வண்டி உறுமுச்சு. யாதகிரி அண்ணா கையைத் துடைச்சுட்டு ஏறி எங்களை ஒரு பார்வை பாத்தார். "ஃபுல் பஸ்ஸு இன்ஜினியருங்க. சாவி திருப்பறதுக்கு இங்கிலீஷ் மேடம் வரணும்!"

காத்துக்கு ஓடின மோட்டார்

இனிமே வர்றது சிரிப்புக்கு மட்டும் இல்லை, கொஞ்சம் வயித்தெரிச்சலும் உண்டு.

எங்க தெருவுல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. எந்த நாள்னு தெரியும், எத்தனை மணின்னு சிவனுக்கே தெரியாது. காலையில பத்துல இருந்து மத்தியானம் ரெண்டுக்குள்ள எப்பவாவது விடுவாங்க. விட்ட உடனே ஓடிப்போய் மோட்டாரைப் போடணும். அஞ்சு நிமிஷம் தாமதிச்சா மேல்தெரு மொத்தத்தையும் உறிஞ்சிடும். மெயின் லைன்ல மோட்டார் போடறது தப்பு. அதனால எங்க தெருவுல எல்லாரும் மோட்டார் மேல ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கவுத்து வெச்சிருப்பாங்க. தெருவுக்கே ஒரே கலர் டப்பு. பாக்கறவங்களுக்குத் துணி துவைக்கிற தெருன்னு நினைப்பு.

இதுல மாட்டிக்கிட்டது எங்க அம்மா. பக்கத்துல ஒரு தனியார் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. தண்ணி நாள்ல அரைநாள் லீவு போட்டு வீட்டு வாசல்ல குழாய்ச் சத்தத்துக்குக் காதை வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அப்பாவுக்கு ஷிஃப்டு, எனக்கு காலேஜ், வேற யாரு? மாசத்துக்குப் பதினஞ்சு அரைநாள் லீவை எந்த ஸ்கூல் தாங்கும்? "இன்னும் ஒரு தண்ணி லீவு கேட்டீங்கன்னா வேற ஆள் பாத்துக்கறேன்"னு பிரின்சிபல் மேடம் முடிவாச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடவே இல்லை. எனக்குப் பொறுக்கலை. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டே இதுதான்னு முடிவு பண்ணினேன்: தண்ணி வந்தா தானா மோட்டாரைப் போடணும், சம்ப் நிரம்பினா தானா நிறுத்தணும்.

முதல்ல தண்ணி ஓடினா சுத்துற குட்டி விசிறி ஒண்ணை வாங்கி பைப்ல மாட்டினேன். காலேஜ் லேப்ல பக்கெட் தண்ணியில அட்டகாசமா வேலை செஞ்சுச்சு. ஆனா லேப் பக்கெட்டுக்கும் எங்க தெருவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. எங்க தெருவுல குழாய் திறந்ததும் முதல்ல வர்றது தண்ணி இல்லை, காத்து. புஸ்ஸுன்னு கால் மணி நேரம் காத்து. விசிறிக்குக் காத்தென்ன தண்ணியென்ன, பம்பரமா சுத்துச்சு. மோட்டார் வெறும் காத்தை இழுத்து இழுத்து, கருகுன வாசனை வந்தப்பதான் அம்மா ஓடிப்போய் பிளக்கைப் புடுங்கினாங்க. அம்மாவுக்குச் சொந்த ஊர் அரக்கோணம். கோவம் வந்தா அந்த ஊர்த் தமிழ் தானா வெளியே வரும்: "இன்னாடி இது? தண்ணிக்கு மோட்டார் போடுன்னா காத்துக்குப் போட்டுன்னு கீற?"

பேஸ் பேப்பர்

விசிறியைத் தூக்கி எறிஞ்சேன். பைப் நிமிர்ந்து மேலே ஏறுற இடத்துல ரெண்டு ஸ்டீல் ஸ்க்ரூவை உள்ள முறுக்கினேன். தண்ணி ரெண்டையும் தொட்டாத்தான் கரண்ட் பாயும். காத்து தொட்டா ஒண்ணும் ஆகாது. மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் என் போனுக்கு மூணு ரிங் வரும். அம்மாவோட ஸ்கூல்ல போன் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்றதால என் நம்பர். மொத்தத்தையும் ஒரு பழைய டிஃபன் பாக்ஸுக்குள்ள அடைச்சேன். வேலை செஞ்சுச்சு! ரெண்டு வாரம் ஒரு தடவைகூட ஏமாத்தலை. அம்மா அந்த ரெண்டு வாரமும் ஒரு லீவு எடுக்கலை. எனக்குத் தலைகால் புரியலை.

அந்த சந்தோஷத்துல எங்க கைடு சார்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "பேஸ் பேப்பர் எங்க?"ன்னார். இந்தப் பக்கத்துல படிச்சவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஏதோ ஒரு நாட்டுல, ஏதோ ஒரு பத்திரிகையில, ஏதோ ஒரு மகான் எழுதின கட்டுரைதான் பேஸ் பேப்பர். அதை ஒட்டித்தான் நாம ப்ராஜெக்ட் செய்யணும். "சார், எங்க தெருவுல காத்து வர்றதைப் பத்தி யாரும் எழுதலை சார்"ன்னேன். வைவாவுக்கு முன்னாடி பேப்பர் வரலைன்னா கையெழுத்து கிடையாதுன்னு ஃபைலை என் பக்கமே தள்ளி வெச்சார். அவரோட இங்கிலீஷ்லயே தர்றேன்: "நோபடி ஹேஸ் டன் மீன்ஸ், ஹவ் யூ வில் டூ?"

கண்ணாடிக்குள்ள ஒரு மெஷின்

டிஃபன் பாக்ஸை பைப்போட இறுக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பிடி வேணும். எங்க காலேஜ்லதான் அந்த மாதிரி சாமானை அச்சு அசலா வார்த்துத் தர்ற த்ரீ-டி பிரிண்டர் மெஷின் இருக்கே! திறப்பு விழா அன்னிக்கு வெச்ச குங்குமம் இன்னும் அதோட நெத்தியில இருக்கு. கண்ணாடிப் பொட்டி, பூட்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளுங்க வந்தா மட்டும் திறந்து, லைட்டைப் போட்டுக் காட்டிட்டு மறுபடி பூட்டிடுவாங்க. லேப் அட்டெண்டர் நரசிம்மாகிட்ட கெஞ்சினேன். அவர் பதறிப் போய் சாவியை ஜோபிக்குள்ள போட்டுக்கிட்டார். "யூஸ் பண்ணா அது பழசாயிடும் மேடம்."

அவுட்புட் கேரண்டி

என் டீம்ல இன்னொருத்தன் இம்ரான். பக்கத்துச் சந்துக்காரன். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவுல வளந்ததால அவன் தமிழ் எங்க வீட்டுத் தமிழைவிட சுத்தம். பேஸ் பேப்பர் கதையைக் கேட்டதும், "கைக்கு டென்ஷன்? வா"ன்னு என்னை அமீர்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க மாடிக்கு மாடி ப்ராஜெக்ட் கடை. டிபன் ஓட்டல் மாதிரி சுவர்ல பட்டியல்: கண் தெரியாதவங்களுக்குக் கத்துற கோல், தானா திறக்கிற குப்பைத்தொட்டி, தானா தண்ணி ஊத்துற பூந்தொட்டி. பேஸ் பேப்பர், கோல்டு எழுத்து பைண்டிங், என்ன பேசணும்னு ஒரு கிளாஸ் எல்லாம் சேத்தே தர்றாங்க. இம்ரான் நேரா அந்தக் கோலைக் கையில எடுத்துட்டான்.

எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. "நாலு வருஷம் படிச்சுட்டு கடையில வாங்கிட்டுப் போய் காட்ட எனக்கு வெக்கமா இருக்கு. நான் சொந்தமா செஞ்சிருக்கேன், அதைத்தான் காட்டுவேன்"னு கடைக்காரன் எதிர்லயே இம்ரானைத் திட்டினேன். அவன் தலையைக் குனிஞ்சுட்டான். கடைக்காரன் மட்டும் என்னைப் பாத்து உண்மையாவே பாவப்பட்டான்: "சொந்தமா செஞ்சா, அவுட்புட்டுக்கு கேரண்டி யாரு மேடம் குடுப்பாங்க?"

மூணு ரிங்

கைடு கையெழுத்துப் போடாட்டி போகட்டும், வைவாவுக்கு வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர்கிட்ட நேரா டிஃபன் பாக்ஸைக் காட்டி நியாயம் கேக்கறதுன்னு இருந்தேன். புதன்கிழமை வைவா. தண்ணி இல்லாத நாள், பாக்ஸைக் கழட்டி எடுத்துட்டுப் போனாலும் பாதகமில்லை. செவ்வாய் சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு: வைவா வியாழனுக்கு மாத்தியாச்சு. வியாழன் தண்ணி நாள். அதுவும் அன்னிக்கு அம்மா ஸ்கூல்ல கணக்கு ஆடிட்டிங், ஆபீஸை விட்டு அசைய முடியாது.

"கழட்டி எடுத்துனு போடி. உன் படிப்பைவிட என் வேலை பெருசா?"ன்னாங்க அம்மா. வியாழக்கிழமை காலையில ஸ்பேனரோட குழாய்கிட்ட போய் உக்காந்தேன். கழட்ட மனசு வரலை. அழுகையா வந்துச்சு, எந்திரிச்சு வந்து இம்ரானுக்குப் போன் பண்ணினேன். "டேய், அன்னிக்கு நான் திட்டினப்புறம் அந்தக் கோலை வாங்கினியா?"ன்னு கேட்டேன். "ஹவ்"ன்னான், ஆமான்னு அர்த்தம். ரெக்கார்டுல கைடு கையெழுத்தும் வாங்கி வெச்சிருந்தான் படுபாவி. என்கிட்ட சொல்லப் பயம்.

காலேஜ் வராண்டாவுல ஆறு டீம் கோலோட நின்னுச்சு. எல்லாம் ஒரே கடை. எதிர்ல எது வந்தாலும் கத்துற கோல்ன்றதால, ஒவ்வொண்ணும் முன்னாடி நிக்கிற டீமைப் பாத்துக் கத்திட்டே இருந்துச்சு. எக்ஸாமினர் சென்னையில எம்.டெக் படிச்சவர், நல்லா தமிழ் பேசினார். எங்க கோலைத் திருப்பித் திருப்பிப் பாத்து "குட் ஃபினிஷிங், நல்ல சிந்தனை"ன்னார். கைடு சார் முகத்துல பெருமை. எனக்குக் கூச்சத்துல உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. அப்பத்தான் என் பையில போன் அடிச்சுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நின்னுடுச்சு.

"வைவாவுல போனா?"ன்னு எக்ஸாமினர் பேனாவைக் கீழே வெச்சார். எனக்கு பயத்தைவிட சந்தோஷம் ஜாஸ்தி. "சார், எங்க வீட்டுல தண்ணி வந்துடுச்சு சார்"னு உளறிட்டேன். யார் சொன்னாங்கன்னு கேட்டார். டிஃபன் பாக்ஸ், ரெண்டு ஸ்க்ரூ, காத்து, அம்மா வேலை, எல்லாத்தையும் கொட்டித் தீத்தேன். அவர் வாயைப் பிளந்தபடி முழுசாக் கேட்டுட்டு கைடைப் பாத்தார். "இதை ஏன் ப்ராஜெக்ட்டா வைக்கலை?" கைடு சார், "பேஸ் பேப்பர் இல்லை சார்"ன்னார். எக்ஸாமினர் தலையாட்டி, கோலுக்குக் கிட்டத்தட்ட முழு மார்க் எழுதிட்டு, தாளை மூடிட்டு என்கிட்ட குரலைத் தாழ்த்தினார்: "பேஸ் பேப்பர் இல்லாம ப்ராஜெக்ட்டா ஒத்துக்க முடியாதும்மா. ஆனா என் ஒய்ஃபும் இன்னிக்குத் தண்ணிக்காக லீவு போட்டு உக்காந்திருக்கா, எங்க வீட்டுக்கு ஒண்ணு மாட்டிக் குடுக்கறியா?"

ஆக, சக பாவிகளே, நான் இன்ஜினியர்னு சான்றிதழ்ல இருக்கிறது நான் செய்யாத ஒரு கோலால, அம்மா இன்னிக்கும் வேலைக்குப் போறது எந்தச் சான்றிதழும் கிடைக்காத ரெண்டு ஸ்க்ரூவால.