பொருள்: என் மனைவியின் இரண்டாவது ஞானஸ்நானம்

எங்கள் சபையின் கல்லறைத் தோட்ட விதிகளில் ஒன்பதாவது இது: வேறு சபையில் மறு ஞானஸ்நானம் பெற்றவரின் பெயர் அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கப்படும், நீக்கப்பட்டவருக்குத் தோட்டத்தில் இடமில்லை, ஆனால் நீக்குவதற்கு முன் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, முப்பது நாள் அவகாசம் தரவேண்டும். கடைசி வாக்கியத்தைச் சேர்த்தவன் நான். அப்போது சபைக் கமிட்டிக்குச் செயலாளர். கலெக்டர் ஆபீசில் ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்தவனுக்கு, விளக்கம் கேட்காமல் ஒருவரை எதிலிருந்தும் நீக்கக்கூடாது என்பது அநேகமாக இன்னொரு விசுவாசப் பிரமாணம்.

என் மனைவியிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியில், திரித்துவம் கிடையாது, இயேசு ஒருவரே தெய்வம் என்கிற ஒருத்துவ சபை ஒன்று கூடுகிறது. கீழே ஓட்டல். அங்கே வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி மூலிகை டீ குடிப்பார்கள். மேலே இவர்கள் கண்ணை மூடிக் கை தட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கூப்பிட்டார் என்று அங்கே போக ஆரம்பித்த என் மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, எடுத்துட்டேன்."

"எதை?"

"ஞானஸ்நானம். இயேசு நாமத்துல. முழுக்கு."

"அப்போ கைக்குழந்தையில எடுத்தது? ரத்தா?"

"அது மூணு பேரு பேர்ல. மூணு பேரு இல்லீங்க. ஒருத்தர்தான்."

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரித்துவம் நடத்தியவன் நான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஆள்தத்துவம் மூன்று, தெய்வத்துவம் ஒன்று என்று தொடங்கினேன். அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒருத்தர் மேல உக்காந்துகினு இன்னொருத்தரைச் சாக அனுப்புவாராங்க? பாப்பா போனப்புறம் அப்படி ஒரு அப்பாவை என்னால கும்பிட முடியல. அவரே வந்தாரு, அவரே செத்தாருன்னு சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

"இயேசுவே பிதான்னா, சிலுவையில பிதாவேன்னு யாரைக் கூப்பிட்டாராம்?"

"அதெல்லாம் உங்க ஆபீஸ் கேள்வி."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க சபைக் கணக்குப்படி தெளிப்பு ஞானஸ்நானம் செல்லாது. அப்போ நம்ம பாப்பா எங்கே இருக்கு?" என்றேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாதத்தில் ஜெயித்த திருப்தி ஒரு நிமிஷம்கூட எனக்குத் தங்கவில்லை.

எங்கள் மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். சபைத் தோட்டத்தில், கிழக்குச் சுவர் ஓரம் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலி. அது யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என் மனைவி மட்டும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மகளின் கல்லைக் கழுவிவிட்டு, பக்கத்து மண்ணிலும் புல் பிடுங்குவாள்.

ஆடி மாதம் அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலூர் டாக்டர் வால்வு என்றார், ஆபரேஷன் என்றார், வயதும் சர்க்கரையும் இருப்பதால் ரிஸ்க் ஜாஸ்தி என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "எது ஆனாலும் என்னைப் பாப்பா பக்கத்துல வச்சிடுங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. விதி ஒன்பது.

நான் செய்தது இதுதான்: எங்கள் சபைகளை நிர்வகிக்கும் பேராய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மறு ஞானஸ்நானம் பெற்ற என் மனைவிக்கு இடம் உண்டா, தெளிவுரை வேண்டும் என்று. பயந்த மனிதர்கள் ஜெபம் செய்வார்கள், குடிப்பார்கள். நான் மனு எழுதுவேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆயரிடம் சொன்னேன். எனக்கு ஒரு மகன் இருந்தால் அவன் வயதிருக்கும் அவருக்கு. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், நம்ம சபைல பாதிப் பேரு ரெண்டு இடத்துல நனைஞ்சிருக்காங்க. எனக்குத் தெரியும், ஆனா தெரியாது. நீங்க எதுக்கு சார் எழுதிக் கேட்டீங்க?"

"நாளைக்கு யாராவது ஆட்சேபணை சொன்னா?"

"யாரு சார் சொல்லப்போறா? இப்போ நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

வாசல் வரை வந்தவர், "வாபஸ் வாங்கிடுங்க சார்" என்றார்.

அன்றே வாபஸ் கடிதம் எழுதினேன். முறைப்படி: பொருள், பார்வை, முந்தைய கடிதத்தின் சாரம், பிறகு கோரிக்கை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்தில் ஊரே அடைத்துக்கொண்டு பஸ் நகராத நாட்களில், இன்றைக்குத் தபால் வராது என்று மனசுக்குள் நிம்மதி. மறுநாள் தபால்காரர் தெருவில் திரும்பும் முன்பே வாசலில் போய் நிற்பேன். ஒரு தரம் தோட்டத்துக்குப் போய் அந்தக் காலி இடத்தைக் காலடியால் அளந்துவிட்டு வந்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

ஐப்பசியில் ஆபரேஷன். காலையில் பச்சை உடுப்பு மாட்டி, வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"லெட்டர் வந்துச்சாங்க?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. "வந்துடுச்சு" என்றேன்.

"நெசமாவா? இன்னா போட்டிருக்காங்க?"

"ஆட்சேபணை இல்லைன்னு."

"அவ்ளோதானா?"

"ஆர்டர்ல அவ்ளோதாம்மா இருக்கும்."

சிரித்தாள். தள்ளிக்கொண்டு போனார்கள். இல்லாத உத்தரவை இருக்கிறது என்று நான் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தரம். ஐந்து மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வாய் திறந்தேன். பிதாவே என்று தொடங்குவதா, இயேசுவே என்று தொடங்குவதா என்று தடுமாறி, கடைசியில் பெயர் எதுவும் சொல்லாமல், காப்பாத்து காப்பாத்து என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரரு ஆர்டரே வாங்கிட்டாரு" என்று பெருமை பேசினாள். நான் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன்.

பதில் வந்தபோது அவள் உள்ளே படுத்திருந்தாள். கடிதம் அரைப் பக்கம். பார்வையில் கண்ட முதல் கடிதம் அலுவலகத்தில் பெறப்படவேயில்லை. இரண்டாவது கடிதத்தின் வாயிலாகவே மறு ஞானஸ்நானம் தெரியவந்துள்ளது. அக்கடிதமே விளக்கமாக ஏற்கப்பட்டு, தங்கள் மனைவியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.

"யாருங்க, தபாலா?" என்றாள் உள்ளேயிருந்து.

"பென்ஷன் ஆபீஸ்மா."

சத்தம் வராமல் மடித்தேன். பிறகு மறுபடி பிரித்து, பழக்கதோஷத்தில் மூலையில் எழுதினேன்: பெற்ற நாள், நவம்பர் இருபத்து நான்கு, கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய திங்கட்கிழமை.