மகளின் தோளில் என் கை

கோடை விடுமுறைக்குத் தெற்கே ஒரு கடற்கரைத் தீவுக்குப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் இரண்டு விதமான ஆயத்தங்கள் தொடங்கின. மகள் தன் பள்ளித் தோழிகளைப் பார்த்து ஒன்றைத் தொடங்கினாள். நான் எனக்குத் தெரிந்ததைத் தொடங்கினேன். அவளுக்குப் பதினான்கு வயது, ஹோர்சன்ஸ் என்ற இந்த டேனிஷ் நகரில் பிறந்தவள். குளியலறை அலுமாரியில் சோல்கிரீம் போத்தல்கள் வந்து நின்றன: முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, உதட்டுக்குத் தனியாக ஒரு குச்சி.

"எங்களுக்கு என்னத்துக்கடி உந்த வெய்யில் கிரீம்? நாங்கள் வெய்யிலிலயே விளைஞ்ச ஆக்கள்" என்றேன்.

"நீங்கள் வெயிலில் விளைந்தீர்கள். நான் மழையில் விளைந்தவள்" என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் போத்தலின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா வைலேயில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பழகியவர். "ரெண்டு பேற்ற மருந்தையும் ஒண்டாப் பூசுங்கோவன். வடை சுடுற பதத்துக்கு வந்திடும்" என்றார்.

என் கணக்கு வேறு. வருடத்தில் பெரும் பகுதி கம்பளிக்குள்ளும் காலுறைக்குள்ளும் கிடக்கிறோம். வீட்டுக்குள் ஹீட்டர் காற்று தோலை உலர்த்திவிடுகிறது. இப்படிக் கிடந்த உடம்பைத் திடீரென்று கொண்டுபோய்க் கொதிக்கும் மணலில் விட்டால் சூடு பிடிக்கும், கண் எரியும், கட்டி வரும். ஆகவே போவதற்கு முன்பே உடம்பைக் குளிர்த்தி ஆக்கிவிட வேண்டும். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் எண்ணெய் முழுக்கு. பேதிக்கும் கொடுப்போமா என்று கேட்டபோது தகப்பனும் மகளும் ஒரே குரலில் "நை!" என்று டேனிஷில் மறுத்துக் கத்தினார்கள். அந்த ஒரு சொல்லில் இருவருக்கும் எப்போதும் ஒரே மொழிதான்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. இந்த நாட்டில் அப்படி ஒரு வெயில் எறித்தால் ஒருவரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புல்லில் துவாயை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டார். நானும் மகளைப் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன். கையில்லாத பழைய சட்டை. காலுக்கும் கைக்கும் முதுகுக்கும் நல்லெண்ணெய் தேய்த்தேன். நீச்சல் தடாகத்துத் தண்ணீரால் அவளுடைய தலைத்தோல் வெடித்துப்போயிருந்தது. அதற்கு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், நல்லது. இரண்டு தேசிக்காயை வெட்டிப் பிழிந்து, விரல்களால் தலைக்குள் தேய்த்துவிட்டேன். சாறு பிடரியால் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அவள் கூசிக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"இரடி. எண்ணெய் ஊறட்டும்" என்று பின்னால் நின்று அவளுடைய மேற்கையைப் பிடித்து இருத்தினேன். அவள் திமிறினாள், நான் விடவில்லை, இருவரும் சிரித்தோம். பிறகு நெடுநேரம் வெயிலில் இருந்தோம். நானும் கை கழுவாமல் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அந்தக் காலைப்பொழுது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். இந்த வயதில் அவள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது எப்போதாவதுதான்.

அடுத்த நாள் இரவு தோள் எரிகிறது என்றாள். சிவந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். கோல்டிங்கில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"பாத்தியே, சூடு வெளிய வருது. உள்ளுக்க கிடந்தாத்தான் கரைச்சல்" என்றா அக்கா.

பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. கற்றாழை பூசினேன். அவை உடைந்து, அந்த இடங்கள் கருக்கத் தொடங்கின. நான் அவசரத்தில் பூசினேனே தவிர, சற்றுத் தள்ளி நின்று அவற்றின் உருவத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் அவளுடைய நீச்சல் ஆசிரியை.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். புதன்கிழமை, ஒருவருக்கு மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆசிரியை முதலில் மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டார். "அவளுடைய மேற்கையில் விரல் அடையாளங்கள் இருக்கின்றன. முதுகில் நீளமான கோடுகள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று நான் உங்களிடம் கேட்டே ஆகவேண்டும்."

எனக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும். படித்து, தேர்வு எழுதி, அந்த மொழியிலேயே வேலை பார்ப்பவள். அந்த நேரத்தில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "எண்ணெய்" என்றேன். "எண்ணெய் பூசினேன்" என்றேன் மறுபடியும். எனக்கே அது பொய் போலக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், நாளைக்கு நாம் இருந்து பேசுவோம் என்றார். அதற்குப் பிறகும் தனக்குக் கவலை இருந்தால் கொம்யூனுக்கு உண்டெரெட்னிங் கொடுக்கத் தான் கடமைப்பட்டவர் என்றும் சொன்னார். ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருக்கலாம் என்று நகரசபைக்கு அறிவிப்பதுதான் உண்டெரெட்னிங். "உங்களுக்குத் தெரியாமல் செய்ய நான் விரும்பவில்லை. அதனால்தான் முதலில் உங்களுக்கு எடுத்தேன்."

எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். யாருடைய பிள்ளையை, எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும்.

வீட்டுக்கு வந்து மகளின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தேன். நான்கு விரல், ஒரு பெருவிரல். முதுகில் யாரோ இடுப்புப் பட்டியால் விளாசியதுபோலக் கோடுகள். என் வேலையில் இதைப் பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஒரு முதியவரின் கையில் இப்படி விரல் பதிந்திருந்தால் நான் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். யார் மனம் நோகும் என்று பார்க்கமாட்டேன்.

அக்கா தொலைபேசியில் அழுதா. "டொக்டரிட்டப் போகாத. அவை உடன எழுதிக் குடுத்திடுவினம். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி வீட்டில வைச்சிரு. பிளேன் ஏறுமட்டும் சமாளி."

நான் அதையும் யோசித்தேன் என்பதுதான் உண்மை. கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "இஞ்சரும். ஒளிச்சமெண்டா அடிச்சமெண்டுதான் அர்த்தம். வெளிக்கிடும், போவம்."

எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு பெண், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். முதலில் மகளோடு தனியாகப் பேச வேண்டும் என்று எங்களை வெளியில் இருக்கச் சொன்னார். அந்தக் கதவு மூடியிருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. கணவர் ஒரு பழைய சஞ்சிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு உள்ளே கூப்பிட்டார். "உங்கள் கையை இந்த அடையாளத்தின் மேல் வைக்க முடியுமா?" என்று கேட்டார். வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"கை என்னுடையதுதான்" என்றேன்.

அவர் என் கையை விடாமல் புறங்கைப் பக்கம் திருப்பினார். விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் மண்ணிறமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "இது எப்போதிலிருந்து இருக்கிறது?"

வேலையில் அடிக்கடி கிருமிநாசினி தேய்ப்பதால் வந்தது என்று நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையையும் மகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடைக்கரைப் பக்கம் போனீர்களா, கரடிநகச் செடியைத் தொட்டீர்களா என்று கேட்டார். வெள்ளைப் பூக்குடை விரித்து ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்தச் செடியின் பால் பட்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். போகவில்லை என்றோம்.

"அப்படியானால் அன்று உங்கள் கையில் என்ன இருந்தது?"

"எண்ணெய்."

"எண்ணெய் மட்டுமா?"

நான் யோசிப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "லைம்! அம்மா என் தலையில் லைம் பிழிந்தார்!"

வைத்தியர் நாற்காலியில் சாய்ந்தார். தேசிக்காய்ச் சாற்றில் உள்ள ஒன்று வெயிலோடு சேர்ந்தால் அந்தச் செடியைப் போலவே தோலைச் சுடும் என்று விளக்கினார். கறுத்த தோல், வெள்ளைத் தோல் என்று அது பார்க்காது. வெயிலில் இருந்து மதுக் கிண்ணத்துக்குள் தேசிக்காய் பிழிந்தவர்களின் விரல்களில் கோடைதோறும் பார்ப்பாராம். "ஒரு முழுக் கை பதிந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். முதுகில் இருந்தவை சாறு வழிந்த தடங்கள். தலையை முடி காப்பாற்றியிருக்கிறது. அடையாளம் மறைய மாதக் கணக்காகலாம், ஆனால் மறையும். அதுவரை வெயில் படக்கூடாது. எங்களுடைய சம்மதத்தைக் கேட்டு, எங்கள் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு எடுத்து ஆசிரியையிடம் பேசினார்.

காருக்குள் வந்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. "தனிய வைச்சு உன்னட்ட என்ன கேட்டவ?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் தமிழில் சொன்னாள். அது அபூர்வம். "வீட்டில ஆருக்காவது பயமோ எண்டு கேட்டவ. ஓம் எண்டனான்."

"ஐயோ, ஏனடி?"

"அம்மான்ர எண்ணெய்ப் போத்தலுக்குப் பயம் எண்டனான்."

கணவர் காரை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் ஆசிரியையைப் பார்க்கப் போனபோது அவர் முகமும் நித்திரையில்லாத முகமாகவே இருந்தது. இளம் பெண். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் தடுத்தேன். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள் மறந்துபோயின. "கேட்டதற்கு நன்றி" என்று மட்டும் சொன்னேன். அதை மரியாதைக்குச் சொல்லவில்லை. என் பிள்ளையின் தோளை ஒருத்தி பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் பேசாமல் போக அவளால் முடியவில்லை. அது தேசிக்காயாக இல்லாத வீடு ஒன்று எங்கோ இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒருத்தி வேண்டும். இதை விளங்கிக்கொள்ள என் வேலை எனக்கு உதவியது. ஆனால் அறிக்கை எழுதுகிற பக்கத்தில் நிற்பதும் எழுதப்படுகிற பக்கத்தில் நிற்பதும் ஒன்றல்ல. இப்போதும் வேலை நேரத்தில் பள்ளிக்கூடத்து எண் திரையில் தெரிந்தால் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

தீவுக்குப் போனோம். மகள் நீளக் கை வைத்த நீச்சல் சட்டையோடு கடலுக்குள் இறங்கினாள். கழுத்துக்கும் காலுக்கும் சோல்கிரீம் பூசிவிடும்படி போத்தலை என்னிடம்தான் நீட்டினாள். நான் அறைக்கு ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன், மணந்து பார்த்தேன், திரும்பவும் கழுவினேன். வந்து பூசும்போது விரல் அவளில் பட்டும் படாமலும் இருந்தது.

"என்னம்மா, பூனை தடவுற மாதிரி. அமத்திப் பூசுங்கோ."

அமர்த்திப் பூசினேன். எனக்கும் பூசச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. "வெய்யிலில விளைஞ்ச ஆக்களுக்கு ரெண்டு தரம்" என்று சொல்லி என் மூக்கில் வெள்ளையாக அப்பிவிட்டாள். கணவர் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். அக்கா, "சுண்ணாம்பு பூசின மாதிரிக் கிடக்கு" என்று பதில் போட்டா. சற்றுக் கழித்து, "எந்தக் கிரீம் எண்டு கேட்டுச் சொல்லு" என்று இன்னொன்று வந்தது.

இப்போது இலையுதிர்காலம். எண்ணெய் முழுக்கு எங்கள் வீட்டில் நிற்கவில்லை. குளியலறைக்குள், ஜன்னலை மூடிக்கொண்டு, தேசிக்காய் இல்லாமல் நடக்கிறது. மகளின் கையில் நான்கு விரல்களும் மங்கிவிட்டன. பெருவிரல் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும். சென்ற வாரம் நீச்சல் வகுப்பால் வந்தவள் ஈரத் துவாயைக் கதிரையில் எறிந்துவிட்டு, "அந்த டீச்சர் இண்டைக்கும் என்ர கையைப் பாத்தவ" என்று அலுத்துக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்றேன்.