வில்லை குத்திய மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் நல்லவன் இல்லை. என்மேல் இரக்கப்படலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை அடுக்கப் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பின. பெட்டி தூக்க, மூட்டை அடுக்க, லாரி கழுவ ஆள் எடுத்தார்கள். கள்ளிக்குப்பத்தில் எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவும் அண்ணனும் அதில் கிடந்து மாய்ந்தார்கள். எனக்குச் சேறு என்றாலே குமட்டும். ஆவடிக்குப் போய்ப் பெட்டி தூக்கச் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த அன்றே சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். அதில் நம்பர் போட்டிருக்கும். காலையில் கேட்டில் வரிசையாக நிற்போம். "நெம்பர்?" என்று கத்துவான் கேட்காரன். சொன்னால் உள்ளே விடுவான். எவன் பேரும் அவனுக்கு வேண்டியதில்லை. ஆள் வேண்டாமென்றால் வில்லையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நிரந்தர உத்தியோகஸ்தர்கள் யாரும் அங்கே வில்லை குத்துவதில்லை. வில்லை குத்தியவன் தினக்கூலி. இது எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

ஊருக்குத் தெரியாது. ஊர் அதுவரை பார்த்திருந்த ஒரே வில்லை, தாலுகா கச்சேரிச் சேவகன் குறுக்குப் பட்டையில் மாட்டியிருப்பது. அவனைக் கண்டால் மணியக்காரரே எழுந்து நிற்பார். அதே பித்தளை என் மார்பில் மின்னியதும், சர்க்கார் உத்தியோகம், கிழவனாகும்வரை சம்பளம், அப்புறம் பென்ஷன் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஏன் மறுக்கப்போகிறேன்? புளி போட்டுத் தேய்த்து, ஞாயிற்றுக்கிழமைகூடக் குத்திக்கொண்டு திரிந்தேன். "என் நெம்பரச் சொன்னா பட்டாளத்துக் கேட்டே தொறக்கும்" என்று வீட்டில் தினமும் அளந்துவிட்டேன்.

அம்மாவின் கரண்டிகூட மாறியது. விரால் குழம்பில் நடுத்துண்டு எப்போதும் அண்ணனுக்குத்தான். உழைக்கிற உடம்பு என்பாள். முதல் சம்பளத்தை அவள் கையில் கொடுத்த வாரமே நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது. அண்ணனுக்கு வால். அவன் முள்ளை ஒதுக்கித் தின்றுவிட்டு எழுந்தான். எனக்குச் சங்கடமாக இருந்ததா என்றால், இல்லை. ருசியாக இருந்தது.

அந்தத் தையில் நெமிலிச்சேரியிலிருந்து அண்ணனுக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். முடிவானால்தான் இலையில் உட்காருவார்கள். அம்மா பாயசத்தோடு சமைத்து வைத்துக் காத்திருந்தாள். கொல்லையில் இலை அறுத்துத் துடைத்து அடுக்கியது அண்ணன். புது வேட்டி கட்டியிருந்தான். எவ்வளவு தேய்த்தும் கால் நகத்துச் சேறு போகவில்லை. திருமுல்லைவாயல் கோயிலில் அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். என்னிடம் போய்ச் சொன்னான் பாருங்கள்!

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. வில்லையைக் குத்திக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். வேண்டுமென்றேதான்.

பெண்ணின் அப்பா என் வில்லையை விரலால் தடவிப் பார்த்தார். "சர்க்காருங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, தப்பா எடுத்துக்காதீங்க. ஏரில தண்ணி கீற வரிக்கும்தான் இந்த நெலமெல்லாம். மாசச் சம்பளம் அப்டியா? சின்னவருக்குன்னா சொல்லுங்க, இப்பவே கை நனைச்சிடறோம். பெரியவருக்கு இன்னா, வேற எடம் பாத்துக்கலாம்."

"பெரியவன் கீறானே, எப்டிங்க?" என்று அப்பா இழுத்தார். இழுத்தாரே தவிர, முடியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'இது தினக்கூலிங்க' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

இலை போட்டார்கள். பரிமாறியது அண்ணன்.

அவர்கள் போன பிறகு கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். "நெசமாச் சொல்லுடா, அந்த வேலை நெலையான வேலதானா?"

"சேத்துல கெடக்கிற உனுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?" என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் என்னிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் இருக்கத் தம்பிக்குக் கல்யாணம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பெரியவனிடம் ஏதோ குறை என்றார்கள். கேட்டு வந்த இடமெல்லாம் அந்த ஒரு பேச்சில் திரும்பிப் போனது. வருஷத்துக்கு வருஷம் குறையும் கூடிக்கொண்டே வந்தது. ஒருத்தர் வலிப்பு என்றார், இன்னொருத்தர் வேறேதோ சொன்னார். என் காதில் விழுந்தது எல்லாம். நான் வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வந்த நாளாய்ச் சிரித்துப் பார்த்ததில்லை. அண்ணனுக்கென்று சொல்லி ஆசையை வளர்த்துவிட்டு எனக்குக் கட்டிவைத்தால் எப்படிச் சிரிப்பாள்? அதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. அப்பா இறந்ததும் பாகம் கேட்டேன். வீட்டில் பாதி, நிலத்தில் பாதி. மாதச் சம்பளக்காரனுக்குச் சேறு எதற்கு? என் பங்கு நிலத்தைப் பூந்தமல்லி மண்டிக்காரர் ஒருவருக்கு விற்றேன். சைக்கிள் வாங்கினேன், கிராமபோன் வாங்கினேன், மாமனாருக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்தது. ஒரு காலையில் கேட்டில் நம்பரைச் சொன்னேன். கேட்காரன் கையை நீட்டி வில்லையைக் கேட்டான். சட்டையில் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நீலமாக இருந்தது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். மாமனார் வந்து பார்த்துவிட்டு, "கூலிக்காரனா நீ?" என்று காறித் துப்பிவிட்டுப் போனார். கிராமபோன் போயிற்று, சைக்கிளும் போயிற்று. அடுத்த அறுப்பு வந்தபோது வீட்டில் அரிசி இல்லை.

அண்ணன் வயலில் அரிவாளோடு இறங்கினேன். அவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் களத்தில் மரக்காலோடு உட்கார்ந்து, அறுப்பாட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கோபுரமாக நெல் அளந்து போட்டான். எல்லோரும் வாங்கிய பிறகு நான் கூடையை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தான்.

"நெம்பர்?" என்றான்.

என் வாய் இருக்கிறதே, பழக்க தோஷம், "நூத்தி எழுவத்தி ரெண்டு" என்று சொல்லிவிட்டது.

களமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மரக்காலை நிரப்பி, எனக்கு மட்டும் மேலே குவிந்ததை வழித்துவிட்டுத் தலை தட்டி அளந்து போட்டான். முறத்தில் பதர் தூற்றிக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். கல்யாணமாகி அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.