முள் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

1. திங்கட்கிழமை காலை கார் கிளம்பவில்லை. பாதித் தெரு சேர்ந்து தள்ளியது.
2. புதன்கிழமையும் கிளம்பவில்லை. தள்ள வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.
3. வெள்ளிக்கிழமை அப்பா, காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்.
4. ஞாயிற்றுக்கிழமை மாமா பேட்டரி சார்ஜருடன் வந்தார்.
5. அன்று மாலை, செய்யாத குற்றத்துக்காக நான் திட்டு வாங்கினேன்.

முதல் நான்கும் எனக்கு அப்போதே புரிந்தன. ஐந்தாவது புரிவதற்கு, நான் மின்பொறியியல் படித்து முடித்த பிறகும் சில வருடங்கள் தேவைப்பட்டன.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தோம். இரண்டு அறைகளில் ஏழு பேர். பக்கவாட்டுச் சந்தில் கார் நின்றது. வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதையாக, அதற்கு மட்டும் தடித்த துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார் அப்பா.

அத்தை, அப்பாவின் தங்கை, அந்த வருடம்தான் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களோ அவளிடம் அதை மட்டும்தான் கேட்டார்கள். காபி கொடுத்தால் கேட்டார்கள், விடைபெறும்போது வாசலில் நின்று இன்னொரு முறை கேட்டார்கள்.

"ஒருத்தன் பேட்டரி போச்சுங்கறான், இன்னொருத்தன் ஆல்டர்னேட்டர் போச்சுங்கறான்," என்றார் அப்பா, அந்த வெள்ளிக்கிழமை. "ரெண்டையும் மாத்தறதுக்கு வண்டியவே மாத்திடலாம். செவ்வாய்க்கிழமை தரகர் வரார்."

"வேணாம்ணா," என்றாள் அத்தை. "ஓடலைன்னாலும் நிக்கட்டுமே."

"ஓடாத காரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கொலு வைக்கவா?"

அத்தைக்கும் என்னைப் போலவே கார் என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. வடபழனியில், படப்பிடிப்புக்குப் போகும் ஜெனரேட்டர் வண்டியில் வேலை. மின்சாரம் தன் சொந்தக்காரன் என்பது போலப் பேசுவார். இரும்புப் பெட்டி போன்ற சார்ஜரைச் சந்தில் இறக்கி வைத்துவிட்டு, "இன்னா மாமா, வண்டிய விக்கிறியாமே? வண்டி நல்லாத்தான் கீது. உன் மெக்கானிக்குதான் ரிப்பேரு," என்றார் அப்பாவிடம்.

"மச்சான், பேச்சு அப்புறம். முதல்ல கிளப்பு."

சிவப்பு, கறுப்பு கிளிப்புகளைப் பேட்டரியில் மாட்டி, சார்ஜரைப் போட்டார். அதன் முகத்தில் இருந்த முள் துள்ளி வலப்பக்கம் சாய்ந்தது. "பாப்பா, இதையே பார்த்துக்கினு இரு. பேட்டரி பசியா கீது. வயிறு நெறைய நெறைய முள் இறங்கும். இறங்கலைன்னா பேட்டரி காலி."

உட்கார முடியவில்லை. முள்ளைப் பார்ப்பேன், வாசலுக்கு ஓடுவேன், திரும்ப வருவேன். என்னைவிட அதிகமாக அத்தை வந்தாள். காபியோடு வந்தாள். டம்ளரை எடுக்க வந்தாள். ஒன்றுமே இல்லாமலும் வந்தாள். "முள் எங்க இருக்கு?" என்று என் காதோடு கேட்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் முள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பேட்டரி பிழைத்தது. அடுத்தது, வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர். சார்ஜரைக் கழற்றாமலே மாமா காரைக் கிளப்பினார். கிளம்பியது! இன்ஜின் வேகத்தைக் கூட்டியதும் முள் விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

"பார்த்தியா? வண்டியே கரண்ட் குடுக்குது, என் பெட்டிக்கு வேலை இல்ல. ரெண்டும் ஓகே."

"அப்ப ராத்திரில கரண்டை யார் குடிக்கிறா?" என்றார் அப்பா.

மாமாவுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. இன்ஜினை நிறுத்தினார், சார்ஜரைக் கழற்றினார், கதவுகளைச் சாத்தினார். பேட்டரியின் ஒரு கம்பியை விடுவித்து, லேசாகத் தொட்டு எடுத்தார். பொறி வந்தால் எங்கோ ஏதோ கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. கை துடைக்கத் துணி தேடிப் பின்சீட்டுக்குள் நுழைந்தவர், வெளியே வந்து கதவை இடுப்பால் மெல்லத் தள்ளினார். மறுபடி கம்பியைத் தொட்டார். பளிச்சென்று பொறி.

"மாட்டிக்கிச்சு! இந்தப் பின்கதவு படார்னு சாத்தினாதான் மூடும். மெதுவா சாத்தினா ஒட்டிக்கினு நிக்கும், உள்ள லைட்டு எரிஞ்சுக்கினே இருக்கும். மேல உறைய போட்டா எவனுக்குத் தெரியும்?" பிறகு சிரித்தார். "யாருப்பா அது, சத்தம் வராம கதவு சாத்தறது? திருடனா?"

அத்தை கையில் காலி டம்ளரோடு நின்றாள்.

"வேற யாரு? இவதான்," என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "சாயங்காலமானா உள்ள பூந்து டிரைவர் விளையாட்டு."

"நான் இல்லம்மா! நான் எப்பவும் படார்னுதான் சாத்துவேன்!"

"வாய மூடு."

அப்பாவும் தன் பங்குக்குத் திட்டினார். ஆனால் தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தம்பி, அந்தப் பல்பையே கழட்டிடு," என்றாள் அம்மா. "கார்ல உக்காந்து யார் படிக்கப்போறா?" அன்று மாலை அத்தை எனக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கெல்லாம் போன பிறகும் வாரிக்கொண்டே இருந்தாள்.

அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மைக் குற்றவாளியைப் பிடிக்கக் கிளம்பினேன். இரண்டே நாளில் சில தடயங்கள் கிடைத்தன: முன்சீட்டின் பின்பையில் ஒரு புது டார்ச், எல்லோரும் டிவியில் செய்தி பார்க்கும் நேரத்தில் தூக்கியிருந்த கார் உறையின் ஓரம், பின்கதவுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. மூச்சிரைக்க ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"பூனை போயிருக்கும்."

"பூனை செருப்பு போடுமா?"

"சில பூனை போடும். போய்ப் படி."

டார்ச்சுக்கு அம்மாதான் செல் மாற்றுகிறாள் என்பதையும் பிறகு கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தும் பயனில்லை. ஏழு பேர் இருந்த வீட்டில், ஒருத்தி தனியாக உட்காரக் கதவோடு கிடைத்த ஒரே இடம் அந்தக் கார்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்றைய நிலை இது. கார் போய்விட்டது. சார்ஜர் என்னிடம் இருக்கிறது, முள் ஒழுங்காக வேலை செய்கிறது. அம்மா அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அத்தை அடையாறில் ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். கதவைப் படாரென்றுதான் சாத்துகிறாள்.